பூஜையில் வைத்த கடலை ஓட்டுப் பொடி

கண்ணாடிக் குழாயில் இருந்த ஊதா நிறத் திரவத்தில் பழுப்புச் சாறு ஒரு சொட்டு விழுந்தது. ஷாமினி குழாயை ஆட்டினாள். ஆட்டி முடிப்பதற்குள் ஊதா வெளிறி, மஞ்சளாகிவிட்டது.

அவளால் நம்ப முடியவில்லை. குழாயைக் கழுவிவிட்டு மறுபடியும் செய்து பார்த்தாள். மறுபடியும் அப்படியே.

இத்தனை மாதங்களாக எத்தனையோ மூட்டை நிலக்கடலை ஓட்டை அரைத்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, காய்ச்சிச் சாறு எடுத்திருக்கிறாள். ஊதா மஞ்சளாக மாற எப்போதும் ஒரு தேநீர் குடிக்கிற நேரமாவது ஆகும். எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் அந்தச் சாற்றில் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது, உடம்பின் உறுப்புகளை உள்ளிருந்தே அரித்துத் தின்னும் சங்கதிகளை அடக்கிவைக்கிற சத்து. இவ்வளவு வேகமாக எந்த மூட்டையும் மாற்றியதில்லை.

"பாஸ், கொஞ்சம் இங்க வந்து பாருங்க" என்று கதவுப்பக்கம் குரல் கொடுத்தாள்.

கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் முதலாளி திருச்செல்வம், எண்ணெய்ப் பிசுக்குக் கையை டவலில் துடைத்துக்கொண்டே வந்தார். முன்கட்டில் கச்சாங் பூத்தே நொறுக்குத் தீனி வறுபட்டுக்கொண்டிருந்தது. கடலை, பட்டாணி, முறுக்கு, காரப்பொரி எல்லாம் அங்கேதான் பொட்டலமாகி, கோலாலம்பூர் முழுக்கப் போகும். பின்கட்டில் சாக்குகள் போட்டுவைத்திருந்த அறைதான் இப்போது ஷாமினியின் ஆய்வுக்கூடம்.

"என்னா ஷாமினி, ஊத்திக்கிச்சா?"

"ஊத்திக்கல பாஸ். இதுவரைக்கும் பார்த்ததுலயே இதுதான் பெஸ்ட்."

"எந்த மூட்டை?"

"பண்டமாரான்ல கடலை ஒடைக்கிற கொட்டகையிலேருந்து கடைசியா வந்த ஓடு. நீலக் கயிறு கட்டினது."

திருச்செல்வம் சிரித்தார். "அதுவா? அந்தக் கண்டெய்னர் எனக்குப் பெரிய தலைவலி லா. அதுலயா இப்படி ஒரு நல்லது?"

துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் எடுப்பதென்றாலே அவருக்குத் தலைவலிதான். ஷாமினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மனம் அந்த மஞ்சளிலேயே நின்றது. மனதில் ஓடியது ஒரே ஒரு ஆளின் பெயர்.

ராஜன். அவள் கணவன். துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டுகிறவன்.

ராஜனுக்குப் பிறக்கும்போதே ஹெபடைடிஸ் பி கிருமி வந்துவிட்டது. தாயிடமிருந்து வந்தது. அந்தத் தாய் கல்லீரல் புற்றில் போனாள். மூத்த அண்ணனும் அதே வழியில் போனான். மிஞ்சியது ராஜனும் அவன் அக்கா அமுதவள்ளியும்தான். அக்காவைக் கிருமி தொடவில்லை. ராஜனிடம் கிருமி தூங்குகிறது, எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ரத்தப் பரிசோதனை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எல்லாம் தெரிந்துதான் ஷாமினி அவனைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் கவலை ஒன்றுதான்: அந்தக் கல்லீரலுக்கு ஒரு காவல் வேண்டும். வேதியியல் படித்துவிட்டுப் பெயின்ட் கம்பெனியில் இருந்தவள், கடலை ஓட்டில் கல்லீரலைக் காக்கிற சத்து இருக்கலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்துவிட்டுத்தான் திருச்செல்வத்திடம் வந்து நின்றாள். "நீங்க கொதிகலன்ல போட்டு எரிக்கிறீங்களே, அந்தக் குப்பையை எனக்குக் குடுங்க" என்றாள். அவர் குப்பையையும் கொடுத்தார், அறையையும் கொடுத்தார்.

"ஆயுத பூஜைக்கு இதையே வெச்சிருவோம்" என்றார் திருச்செல்வம்.

"விக்கறதுக்கு வைக்கலாமே பாஸ்."

"மொதச் சாமான் சாமிக்கு. அத விக்கக் கூடாது. நான் மொத முறுக்கு மெஷின் வாங்கினப்பவும் அப்படித்தான். மொத அடுப்பு முறுக்கு பூரா பூஜையில வெச்சு, வேண்டியவங்களுக்குக் குடுத்தேன். சாமிக்கு வைக்கறது பெஸ்ட்டா இருக்க வேணாமா?"

"அப்ப வெளி லேபுக்கு சாம்பிள் அனுப்பிடறேன். கன உலோகம், பூஞ்சை நஞ்சு எல்லாம் பார்த்துச் சொல்லுவாங்க."

"விக்கற லாட்டுக்கு அனுப்பு. இது சாமிக்கு வைக்கறது. சாமி உன்கிட்ட வந்து சர்டிபிகேட் கேட்டாரா?"

ஷாமினி சிரித்தாள். அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. விற்பனைக்குப் போகிற பொருளுக்குத்தான் சட்டம். பூஜைக்கு வைத்து, வீட்டு மனிதர்களுக்குக் கொடுப்பதை யார் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பூஜையன்று வறுக்கும் இயந்திரங்களுக்கெல்லாம் விபூதிப் பட்டையும் குங்குமமும் வைத்தார்கள். லோரிச் சக்கரங்களில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. சரஸ்வதி படத்துக்கு முன்னால், சுண்டலுக்கும் அவல் பொரிக்கும் பக்கத்தில், சந்தனப் பொட்டு வைத்த கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே இருட்டான பழுப்பு நிறப் பொடி. தீபாராதனை முடிந்ததும் திருச்செல்வம் வேண்டியவர்களாகப் பார்த்துப் புட்டிகளைக் கொடுத்தார். அவர் மனைவி புஷ்பவல்லிக்கு ஒன்று. சரக்கு ஏற்றும் நாகையாவுக்கு ஒன்று. இன்னும் சில பழைய ஆட்களுக்கு. ராஜனைக் கூப்பிட்டு இரண்டாகக் கொடுத்தார்.

"உன் பொண்டாட்டி செஞ்சது. உனக்காகத்தான் செஞ்சா. தெரியும்ல?"

"தெரியாம என்னா பாஸ். வீட்டுல காய்கறி தோலைக்கூட வீச விட மாட்டேங்கிறா, ஆராய்ச்சி பண்ணணுமாம்" என்றான் ராஜன்.

பண்டமாரானில் அவர்கள் வீட்டுச் சமையலறையில், தேனில் குழைத்த முதல் கரண்டியை அவன் வாயில் வைத்தபோது முகத்தைச் சுளித்தான்.

"என்னாடி இது, கட்டைய ஊறவெச்ச தண்ணி மாதிரி கசக்குது."

"முழுங்குங்க."

"நான் செத்துட்டா இன்சூரன்ஸ் நெறைய வராது, சொல்லிட்டேன்."

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்று அவன் தோளில் ஓங்கி அடித்தாள்.

கிண்டல் செய்தானே தவிர, ஒரு நாள்கூட விடவில்லை. துறைமுகத்தில் லோரி வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்களிடம், "என் பொண்டாட்டி சயின்டிஸ்ட் லா, எனக்குன்னே மருந்து கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டான். அவளுக்குத் தெரியாமல் மத்தியானமும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டான். அம்பாங்கிலிருந்து தம்பியைப் பார்க்க வந்த அமுதவள்ளி, புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஷாமினியின் கன்னத்தைத் தடவினாள். "எங்க வீட்டுல ஒவ்வொருத்தரா போனப்போ பக்கத்துல நின்னு அழத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. நீதான் எதிர்த்து ஏதாச்சும் செய்யணும்னு நெனச்சே" என்றாள்.

ஒரு வாரம் கழிந்ததும் ராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலைக் களைப்பு என்றான். அப்புறம் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலி என்றான். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனைக் கண்ணாடியில் பார்த்த ஷாமினி, பின்னாலிருந்து அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். வெள்ளை விழி இரண்டும் மஞ்சள் பூத்திருந்தன.

"வேலைக்கு எம்.சி. லீவு எடுங்க. ஆஸ்பத்திரி போறோம்."

"நாளைக்கு லோடு இருக்கு."

"லோரிய வேற யாராச்சும் ஓட்டுவாங்க. கெளம்புங்க."

கிள்ளான் அரசாங்க மருத்துவமனையில் உடனே வார்டில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் அஃப்ரின் இளம் வயதுக்காரி. ரத்த முடிவைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து ஷாமினிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, கல்லீரல் ரொம்ப வீங்கியிருக்கு. பழைய கிருமி முழிச்சிருக்கலாம், அதுக்கு மாத்திரை ஆரம்பிச்சிட்டோம். ஆனா இவ்வளவு வேகமா மோசமானதுக்கு வேற ஏதோ சேர்ந்திருக்கணும். குடிப்பாரா?"

"பத்து வருஷமா தொடறதில்ல."

"நாட்டு மருந்து, ஜாமு, கீழாநெல்லி, கடையில விக்கற சப்ளிமென்ட், அந்த மாதிரி ஏதாவது?"

"அதெல்லாம் எங்க வீட்டுக்குள்ள நான் விடறதில்ல டாக்டர்" என்றாள் ஷாமினி. "நான் கெமிஸ்ட்."

பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. ஜாமு என்பது யாரோ எங்கோ எதையோ போட்டுக் காய்ச்சுவது. அவளுடைய பொடி அப்படிப்பட்டதா? ஒவ்வொரு படியையும் அவளே அளந்து, அவளே பார்த்துச் செய்தது. ராஜனின் கல்லீரலுக்கு இந்த உலகத்தில் ஒரு துணை இருக்கிறதென்றால் அது அந்தப் பொடிதான். டாக்டரிடம் சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். எதையும் நிறுத்தச் சொல்வதுதானே ஆஸ்பத்திரி வழக்கம்? நிறுத்தினால் அவனுக்கு வேறு காவல் ஏது?

அதனால் புட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பார்வையாளர் நேரத்தில் நர்ஸ் மிஸ்ஸிகள் அந்தப் பக்கம் போனதும், பார்லித் தண்ணீரில் கலக்கி ராஜனின் வாயில் ஊட்டினாள். காலையில் ஒரு கரண்டி. சாயங்காலம் ஒரு கரண்டி. அவன் உடம்பு இறங்க இறங்க, கரண்டியைக் குவித்து எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் குடுடி" என்றான் அவனும். "இது உள்ள போனாத்தான் எனக்குத் தெம்பா இருக்கு."

இரண்டாவது புட்டியும் அடி தெரிய ஆரம்பித்தது.

தீபாவளிக் கூட்டத்தில் பிரிக்பீல்ட்ஸ் திணறிக்கொண்டிருந்தது. நடைபாதை முழுக்க முறுக்கு டின்களும் பூச்சரங்களும். ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று மிஞ்சிக் கத்தின. ஷாமினி அமுதவள்ளியை ராஜனின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ரயில் பிடித்து வந்திருந்தாள். திருச்செல்வத்தின் கடை தெருமுனையில் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்தின் கீழே, சந்தனப் பொட்டு காய்ந்த ஒரு புட்டி அப்படியே இருந்ததை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள்.

"ராஜன் எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் பாஸ். அந்தப் புட்டியை எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்க, எடுத்துக்க. இதுக்கெல்லாம் கேட்டுக்கிட்டு." எட்டி எடுத்துக் கொடுத்தார். "விக்கப் போற லாட்டும் நேத்து லேபுலேருந்து பாஸாயி வந்திருச்சு. சுத்தமா இருக்காம். ஆனா நீ எழுதின நம்பரப் பார்த்தேன். சத்து இதுல பாதிகூட இல்லையே, ஏன்?"

"ஏன்னு எனக்கும் தெரியல. அந்த நீலக் கயிறு மூட்டை மாதிரி மறுபடியும் கெடைக்கல. அதே எடத்துலேருந்து இன்னொரு கண்டெய்னர் எடுக்க முடியாதா பாஸ்?"

"ஐயோ, வேணாம் சாமி." திருச்செல்வம் ஒரு வாடிக்கையாளருக்கு முறுக்கு டின்னைக் கட்டிக்கொண்டே பேசினார். "அந்தக் கண்டெய்னர் கூரையில ஓட்டை. மழைத்தண்ணி எறங்கி, உள்ளேயே வெந்து கெடந்திருக்கு. ஓட்ட ஒடைச்சுப் பார்த்தா பருப்புல பாதி மொளைவிட்டு, பாதி பச்சையும் கறுப்புமா பூசணம். கோழித் தீவனத்துக்குக்கூட எடுத்துக்க மாட்டேன்னுட்டான். அவ்வளவையும் குழி தோண்டிப் பொதைச்சேன்."

ஷாமினியின் கை புட்டியின் மூடியிலேயே நின்றது.

"அப்ப ஓடு?"

"ஓடு பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. காய வெச்சு, ஒனக்குக் கட்டி அனுப்பச் சொன்னேன். பருப்புதானே கெட்டது. ஓட்ட யாரு திங்கப் போறா?"

அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அவருடைய தொழிலில் எல்லாப் பார்வையும் பருப்பின் மேல்தான். பருப்பை முகர்ந்து பார்ப்பார்கள், கடித்துப் பார்ப்பார்கள், நஞ்சுக்குப் பட்டை வைத்துச் சோதிப்பார்கள். ஓடு உடைந்து விழுந்த கணத்திலேயே அது குப்பை. குப்பையை யாரும் சோதிப்பதில்லை. இரண்டு தலைமுறையாக அந்தக் கொட்டகையில் வேலை நடப்பதே அப்படித்தான். அந்தக் குப்பையைத் தின்னும் பண்டமாக மாற்றியவள் ஷாமினி. மாற்றியவளும் அந்தக் கொட்டகைக்குப் போய் ஒரு தடவை மூட்டையைப் பார்க்கவில்லை.

தெருவின் சத்தம் அவளுக்குத் தூரத்தில் கேட்டது. கல்லூரியில் படித்த ஒரு பாடம், இத்தனை வருஷம் கழித்து, வரி வரியாக எழுந்து வந்தது. உயிருள்ள நிலக்கடலையைப் பூஞ்சை தாக்கினால் அது சும்மா இருக்காது. தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் சத்தைத்தான் சுரக்கும். தாக்குதல் கடுமையாக இருந்தால் சுரப்பதும் கூடும். ஊதாவைக் கண் இமைக்கும் நேரத்தில் மஞ்சளாக்கியது எது என்று இப்போது தெரிந்தது. அந்தக் கடலை பூஞ்சையோடு போராடித் தோற்றிருக்கிறது. அந்தப் போராட்டத்தின் மிச்சத்தைப் பார்த்துத்தான் அவள் பெஸ்ட் என்று சொன்னாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சத்தைக் கரைத்து எடுக்கிற அதே எரிசாராயம் பூஞ்சை விட்டுப்போன நஞ்சையும் கரைத்து எடுக்கும். மூட்டை மூட்டையான ஓட்டைக் காய்ச்சி, ஒரு கரண்டிக்குள் கொண்டுவந்திருக்கிறாள்.

"என்னா ஷாமினி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? தண்ணி குடிக்கிறியா?"

"பாஸ், மேரு சாவியக் குடுங்க."

"இன்னிக்கு லீவு லா, யாரும் இல்ல அங்க."

"சாவியக் குடுங்க."

ஆளில்லாத தொழிற்சாலையில், பருப்புக்கு வைக்கும் சோதனைப் பட்டைகள் முன்கட்டு அலமாரியில் இருந்தன. கோவிட் காலத்துப் பட்டை மாதிரியேதான், ஆனால் கணக்கு தலைகீழ். இரண்டு கோடு வந்தால் பருப்பு சுத்தம். ஒரே கோடு என்றால் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு இருக்கிறது. ஷாமினி பொடியைக் கரைத்துச் சொட்டுவிட்டாள். ஒரு கோடு வந்தது. காத்திருந்தாள். இரண்டாவது கோடு வரவில்லை.

கரைசலில் தண்ணீரைக் கூட்டினாள். ஒரு கோடு. மேலும் கூட்டினாள், கண்ணுக்கு நிறமே தெரியாத அளவுக்கு. அப்போதும் ஒரே கோடு.

பக்கத்திலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. காலையில் ஊட்டிய கரண்டிதான் கண் முன்னால் நின்றது. குவித்து எடுத்தது. ராஜன் நாக்கால் கரண்டியை வழித்தது. உடனே அமுதவள்ளிக்குப் போன் போட்டாள். "அக்கா, கட்டில் பக்கத்து மேசை டிராயர்ல நான் வெச்சுட்டு வந்த புட்டி ஒண்ணு இருக்கும். அத அவருக்குக் குடுக்காதீங்க. கேட்டாலும் குடுக்காதீங்க. நான் வந்து சொல்றேன்."

வெளியே கார் வந்து நின்றது. அவள் போன விதம் சரியில்லை என்று திருச்செல்வம் பின்னாலேயே வந்திருந்தார். மேசையில் கிடந்த பட்டைகளைப் பார்த்தார். ஒரு கோடு என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எதுக்கு இது? எந்தப் பருப்பு?"

"பருப்பு இல்ல பாஸ். நம்ம பூஜைப் பொடி."

அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "டாக்டர்கிட்ட இத இப்ப சொல்ல வேணாம். கேளு, கேளு, நான் சொல்றத முழுசா கேளு. அவனுக்கு ஏற்கெனவே அந்த வியாதி இருக்கு. இதனாலதான்னு யாரு கண்டா? நீ சொன்னா ஹெல்த் ஆபீஸ்லேருந்து வந்து சீல் வெச்சிருவாங்க. இத நம்பி எத்தன குடும்பம் இருக்குன்னு ஒனக்குத் தெரியும். ஒம் பேரும்தான் கெடும். சொல்றதால அவன் எந்திரிச்சு உக்காந்துருவானா?"

"புட்டி வாங்கினவங்க இன்னமும் சாப்பிடறாங்க."

"அது நான் பார்த்துக்கறேன். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே போறேன். ஏதோ ஒண்ணு சொல்லித் திருப்பி வாங்கிடறேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிரலாம். நாகையா ஒரு தடவதான் சாப்பிட்டானாம், கசக்குதுன்னு தூக்கி வெச்சுட்டானாம். மத்தவங்க..."

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"புஷ்பா தெனம் சாப்பிடறா" என்றார். "சர்க்கரைக்கு நல்லதுன்னு நாந்தான் குடுக்கறேன். ரெண்டு நாளா வயித்தப் பெரட்டுதுங்கறா. பலகாரத்த ருசி பார்த்துக்கிட்டே இருந்தா பெரட்டாதான்னு சத்தம் போட்டேன்."

ஷாமினி அவர் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போன் பண்ணுங்க பாஸ். புஷ்பா அக்காவ நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. மத்தவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும், நான் பேசறேன்."

அதற்குப் பிறகு அவர் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. புஷ்பவல்லியின் எண்ணை அழுத்தினார்.

டாக்டர் அஃப்ரின் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். பட்டைகளையும் புட்டியையும் வாங்கிப் பையில் போட்டு ஒட்டினாள். மற்றவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"வார்டுல சேர்த்த பிறகும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். இன்னிக்குக் காலையிலகூட."

டாக்டரின் முகத்தில் கோபம் வந்திருந்தால் ஷாமினிக்குச் சுலபமாக இருந்திருக்கும். டாக்டர் கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"இதுக்கு விஷமுறிவு மருந்து கிடையாது அக்கா. மத்தவங்களுக்குக் கிருமி இல்ல, நிறுத்தினா மீள வாய்ப்பு இருக்கு. இவருக்குக் கிருமியும் இதுவும் சேர்ந்திருக்கு. மாற்றுக் கல்லீரலுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில கேட்டிருக்கேன். ஆனா ரத்தத்துல உள்ள கழிவு இப்ப மூளைக்கு ஏற ஆரம்பிச்சிருச்சு. அவர்கிட்ட ஏதாவது பேசணும்னா இப்பவே போய்ப் பேசுங்க."

ராஜன் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தான். ஆனால் பார்வை எங்கோ இருந்தது. அமுதவள்ளி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஷாமினியைக் கண்டதும் அவள் முகம் சிவந்தது.

"எங்கேம்மா போனே? குடுக்காதன்னு போன்ல சொல்லிட்ட, மத்தியானத்துலேருந்து அதையே கேட்டுக்கிட்டு இருக்கான். பொடி, பொடின்னு. எம் மனசு கேக்கல."

ஷாமினி மேசை டிராயரை இழுத்துப் பார்த்தாள். "குடுத்தீங்களா அக்கா?"

"நீ வேணாம்னியே. குடுக்கல."

ராஜன் அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான். ஒரு கணம் அவளை அடையாளம் தெரிந்தது.

"வந்துட்டியா. லோரி லைன்ல நிக்குது. பொடியக் குடு, சாப்பிட்டுட்டு நான் எடுக்கறேன்."

"பொடி இனிமே வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"அது உங்களுக்கு நல்லது செய்யல."

"போடி" என்றான். சிரிக்கப் பார்த்தான். "நீ செஞ்சது எனக்கு நல்லது செய்யாதா. குடு."

வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். பல் ஈறெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. ஷாமினி ஈரப் பஞ்சால் அவன் உதட்டைத் துடைத்தாள். அவன் பஞ்சைத் தள்ளிவிட்டு, மறுபடியும் வாயைத் திறந்தான்.

அமுதவள்ளிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து ஷாமினியின் முதுகில் கை வைத்தாள்.

"டாக்டருங்க என்னமோ சொல்லட்டும். கேக்கறான்ல, ஒரு கரண்டி குடுத்தாத்தான் என்னா? எங்கம்மா கடைசியில கேட்டது எதையும் நாங்க குடுக்கல. நீ இவனுக்காக எத்தன மாசமா ஒழைச்சே. நீ மட்டும் இல்லேன்னா இவன் எப்பவோ போயிருப்பான்."

தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். அக்கா அதை நம்பிக்கொண்டே அம்பாங் போய்ச் சேருவாள். ராஜனும் அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடுவான். ஆனால் நாளைக்கு ஹெல்த் ஆபீஸ்காரர் சொல்லி அக்கா தெரிந்துகொள்வதைவிட, தன் வாயால் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது.

"அக்கா" என்றாள். "இந்தப் பொடியிலதான் நஞ்சு இருந்திருக்கு. கெட்டுப்போன கடலையோட ஓட்டுலேருந்து எடுத்திருக்கேன். எனக்குத் தெரியல. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இங்க வந்த பிறகும் நான்தான் குடுத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் முதுகிலிருந்த கை உடனே விலகவில்லை. சொன்னது உள்ளே போய்ச் சேரச் சற்று நேரமானது. பிறகு, சூடான பாத்திரத்தில் பட்டதுபோல் விலகியது.

அமுதவள்ளி கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தம்பியின் தலையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"ஷாமினி எங்கேக்கா?" என்றான் ராஜன். "பொடி கொண்டு வரேன்னா."

அமுதவள்ளி நிமிர்ந்து ஷாமினியைப் பார்த்தாள். ஷாமினி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் கேட்பதையும் விட்டுவிட்டான்.